சென்னைக்குக் குடி வர்றீங்களா? வீட்டைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்க!

வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. இல்லையென்றால் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, வீட்டில் ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது. காரணம் எதுவானாலும், ஊரில் எல்லோரும் சென்னையைப் பற்றி உங்களிடம் மூன்று விஷயம் சொல்லியிருப்பார்கள். வெயில் ஜாஸ்தி, டிராஃபிக் ஜாஸ்தி, வாடகை ஜாஸ்தி. மூன்றும் உண்மைதான். ஆனால் வந்து இறங்கிய ஒரே வாரத்தில் இதையெல்லாம் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

ஒரு வருஷம் முழுக்க இங்கே இருந்தால்தான் புரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீர். மே மாதத்தில் குழாயில் எப்போது வரும் என்று காத்திருக்க வைக்கும் அதே தண்ணீர், நவம்பரில் வாசலை விட்டுப் போக மாட்டேன் என்று நிற்கும். பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுத்து, தாழ்வான தெருவில் கீழ்த்தளத்தில் குடியேறி, முதல் பெருமழையிலேயே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்று இழந்த குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. தெருமுனை டீக்கடையில் பத்து நிமிஷம் பேசியிருந்தாலே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன கேட்க வேண்டும், வீடு கிடைத்த பிறகு எந்தப் பேப்பரை முதலில் மாற்ற வேண்டும், மழைக்காலத்துக்குள் என்னென்ன முடித்திருக்க வேண்டும்? வரிசையாகப் பார்ப்போம்.

நீங்கள் இருப்பது ‘எந்த’ சென்னை?

1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழமையான மாநகராட்சி. 2011-ல் எல்லை விரிவாக்கப்பட்ட பிறகு இன்று பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 15 மண்டலங்கள், 200 வார்டுகள்.

ஆனால் பேச்சுவழக்கில் நாம் ‘சென்னை’ என்று சொல்லும் எல்லா இடமும் இந்த எல்லைக்குள் வராது. ஆவடி 2019 முதலும், தாம்பரம் 2021 முதலும் தனித்தனி மாநகராட்சிகள். அவற்றையும் தாண்டி ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வளர்ந்துகொண்டே போகின்றன. விளம்பரத்தில் எல்லாமே ‘சென்னை’தான்!

இது ஏன் முக்கியம்? குப்பை எடுக்கவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று நீங்கள் புகார் சொல்ல வேண்டிய அலுவலகம் இதை வைத்துத்தான் முடிவாகும். பெருநகர சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் தாம்பரத்து தெருவிளக்கைப் பற்றிச் சொன்னால் வேலை நடக்காது. காவல் துறையிலும் அப்படித்தான். சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று காவல் ஆணையரகங்கள் இருக்கின்றன.

சுலபமான வழி ஒன்று உண்டு. வீட்டுக்காரரிடம் சொத்து வரி ரசீதின் நகலைக் கேளுங்கள். எந்த உள்ளாட்சி, எந்த மண்டலம், எந்த வார்டு என்று அதிலேயே இருக்கும். அதை அப்படியே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் கேட்பார்கள்.

தட்டையான ஊர், மெதுவாக வடியும் தண்ணீர்

சென்னை தட்டையான ஊர். பல பகுதிகள் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. வடக்கே கொசஸ்தலை ஆறு, நடுவில் கூவம், தெற்கே அடையாறு என மூன்று ஆறுகள் கடலில் கலக்கின்றன. கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாய் மூன்றையும் இணைக்கிறது. தெற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம் சுற்றுவட்டார மழைநீரைப் பஞ்சுபோல வாங்கி வைத்துக்கொள்ளும். 2022-ல் இது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது.

ஊருக்குள் விழும் மழை, வடிகால் வழியாக ஆற்றுக்கும் கால்வாய்க்கும் போய், அங்கிருந்து கடலுக்குப் போக வேண்டும். சரிவு குறைவு என்பதால் அது மெதுவாகத்தான் நகரும். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நின்றால், முகத்துவாரத்திலேயே ஆற்று நீர் தடைபடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மழை நின்ற பிறகும் பல தெருக்களில் தண்ணீர் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பழையது. இன்று கடைகளால் நிரம்பி வழியும் தியாகராய நகர், 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட பகுதி. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. அந்த ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது. ஏரியும் இல்லை, கரையும் இல்லை. ஏரி போனாலும் பள்ளம் போகாது. தண்ணீருக்குத் தன் பழைய இடம் நினைவிருக்கும். அதனால் தெருப் பெயரில், நகர்ப் பெயரில் ஏரி, தாங்கல், குளம், லேக் என்று வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே விசாரியுங்கள்.

உங்கள் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு பெயர்களையும் சென்னைவாசிகள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கவனிப்பார்கள். நகரத்தின் குடிநீர் ஏரிகள் இவைதான். 2020-ல் இவற்றோடு கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் சேர்ந்தது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாயிலும், ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயிலும் தண்ணீர் வருகிறது.

இவை எல்லாமே மழையை நம்பியவை. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவு. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. அந்த மூன்று மாதம் பொய்த்தால் அடுத்த கோடை கஷ்டம்தான். 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

மழையை நம்பாத ஒரே மூலம் கடல். மீஞ்சூரில் 2010 முதலும், நெம்மேலியில் 2013 முதலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது. கடல்நீரில் உப்பை நீக்க மின்சாரம் நிறையத் தேவை, செலவும் அதிகம். ஆகவே ஏரிகள் நிறைவது இன்றும் முக்கியம்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2019-ல் தரை தெரிய வறண்ட அதே செம்பரம்பாக்கம் ஏரி, 2015 டிசம்பரில் நிரம்பி, திறந்துவிடப்பட்ட உபரி நீர் அடையாற்றில் பாய்ந்தது. நான்கே வருஷ இடைவெளியில் ஒரே ஏரி இரண்டு முகம் காட்டியது. வீடு தேடும்போது இந்த இரண்டு முகத்தையும் மனதில் வைத்துத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 8 கேள்விகள்

வீடு பிடித்திருக்கிறது, சரி. உடனே டோக்கன் அட்வான்ஸை ஜிபே பண்ணிடாதீங்க. முதலில் இதையெல்லாம் கேளுங்கள்.

1. மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா? தினமும் வருமா, ஒருநாள் விட்டு ஒருநாளா, எத்தனை மணிக்கு? கழிவுநீர் இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா?

2. போர் தண்ணீர் உப்பா? கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நன்னீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால், அந்த இடத்துக்குக் கடல்நீர் கசிந்து வரும். பாத்ரூம் குழாயைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால், சோப்பு நுரைக்கவில்லை என்றால், அது கடினநீர் என்று புரிந்துகொள்ளலாம். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உப்பும் தெரிந்துவிடும்.

3. கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் காசு யார் தருவது? மெயின்டனன்ஸில் சேருமா, தனியா? இதைக் கேட்காமல் விட்டால் வாடகைக்கு மேல் இன்னொரு வாடகை மாதிரி ஆகிவிடும்.

4. சம்ப், மேல்தொட்டி எத்தனை வீட்டுக்குப் பொது? மோட்டார் போடுவது யார்?

5. 2015-லும் 2023-லும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது? இதை வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டீக்கடை, அயர்ன் வண்டி, மளிகைக்கடை, பக்கத்து வீடு என்று நாலு பேரிடம் கேளுங்கள். “முழங்கால் அளவு”, “ரெண்டு நாள் நின்னுச்சு” என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். காம்பவுண்டு சுவரில் நீர்மட்டத்தின் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. வீட்டின் தரைத்தளம் சாலையைவிட உயரமா, தாழ்வா? சாலையை மேலே மேலே போட்டுப் பழைய வீடுகள் பள்ளத்தில் போன தெருக்கள் உண்டு.

7. மின்மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது? இடுப்புக்குக் கீழே இருந்தால் மழைக்காலத்தில் ஆபத்து.

8. மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதா, வேலை செய்கிறதா? தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம். சும்மா பெயருக்குக் குழாய் வைத்த வீட்டுக்கும், வருஷா வருஷம் தூர்வாரும் வீட்டுக்கும் கோடையில் போர் தண்ணீரிலேயே வித்தியாசம் தெரியும்.

இத்தனை கேள்விக்கும் ‘நல்ல’ பதில் கிடைக்கும் வீடு உங்கள் பட்ஜெட்டில் அமையாமல் போகலாம். பரவாயில்லை. எதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் போதும். தாழ்வான தெரு என்றால் முதல் மாடி பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் குடிநீருக்கு ஆகும் செலவையும் வாடகையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆன்லைன் விளம்பரத்தில் படம் மட்டும் பார்த்து, “நான் வெளியூரில் பணியில் இருக்கிறேன், டோக்கன் அனுப்பினால் சாவி வரும்” என்று சொல்பவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அக்ரிமெண்ட்: வாய்ப்பேச்சு போதாது

வாடகை விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் குடியிருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

• ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். இதற்கென அரசின் இணையதளம் உள்ளது. பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து செய்யலாம். சேர்ந்து செய்ய முடியவில்லை என்றால் தனியாகவும் தெரிவிக்கலாம்.

• வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. ‘வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில்’ என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். அப்படி எழுதிய ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சம்மதம் ஆகிவிடும். பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

• வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ‘பெயின்டிங் செலவு’ எவ்வளவு, யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். காலி செய்யும்போது வரும் சண்டையில் பாதி இதனால்தான்.

• குடியேறும் அன்றே சுவர், குழாய், ஃபேன், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் பின்னால் கை கொடுக்கும்.

கரண்ட் பில்லிலும் கவனம் தேவை. வீட்டுக்கெனத் தனி மீட்டரும் மின் இணைப்பு எண்ணும் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. இணைப்பு எண் கையில் இருந்தால் பில் எவ்வளவு என்று மின்வாரியச் செயலியில் நீங்களே பார்த்துக் கட்டலாம். “யூனிட்டுக்கு இவ்வளவு” என்று வீட்டுக்காரர் ஒரே ரேட்டாகக் கேட்கும்போது அது சரியா என்று ஒப்பிடவும் முடியும். “இன்றிரவு கரண்ட் கட், உடனே இந்த லிங்க்கில் கட்டுங்கள்” என்று வரும் மெசேஜை மட்டும் நம்ப வேண்டாம். செயலியைத் திறந்து பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

முகவரி மாற்றம்: எதை முதலில் மாற்றுவது?

பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கேஸ் இணைப்புக்குப் போனால் முகவரிச் சான்று கேட்கிறார்கள், வங்கிக்குப் போனாலும் அதையே கேட்கிறார்கள். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஆதாரில் ஊர் முகவரி இருக்கும். எங்கே தொடங்குவது?

முதல் படி, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். மேலே அதை அவ்வளவு வலியுறுத்தியதற்கு இதுவும் காரணம்.

இரண்டாவது, ஆதார். அந்த ஒப்பந்தத்தைக் காட்டி ஆதார் முகவரியை மாற்றிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மாறிவிட்டால், ‘குடும்பத் தலைவர்’ வழியில் அவருடைய ஒப்புதலோடு மற்றவர்களுக்கும் ஆன்லைனிலேயே மாற்றலாம். போன் எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஓடிபி வராது.

மூன்றாவது, ரேஷன் அட்டை. பொது விநியோகத் துறை இணையதளத்திலோ அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாறும்வரை அரிசி இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பதால், விரல்ரேகை பதிந்து நீங்கள் இருக்கும் பகுதியிலேயே பொருள் வாங்கலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தத் திட்டம் பொருந்தும்.

நான்காவது, வாக்காளர் பட்டியல். குடி மாறியவர்கள் படிவம் 8 தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் செயலியிலேயே செய்யலாம். சந்தேகத்துக்கு 1950. “எலெக்‌ஷன் வரும்போது பார்த்துக்கலாம்” என்று விட்டால், தேர்தல் அன்று ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.

வருமானம், சாதி, இருப்பிடச் சான்றுகளுக்கு இ-சேவை போதும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலிருந்தே கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். புரோக்கர் தேவையில்லை.

கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, ரயில் நிலையத்தைப் பாருங்க

சென்னையில் தூரத்தை நேரத்தால்தான் அளக்க வேண்டும். எட்டு கிலோமீட்டர் தள்ளி சாலையோரம் இருக்கும் வீட்டைவிட, இருபது கிலோமீட்டர் தள்ளி ரயில் நிலையத்தின் பக்கம் இருக்கும் வீட்டிலிருந்து ஆபீசுக்குச் சீக்கிரம் போய்விடலாம்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு, சென்ட்ரலிலிருந்து அரக்கோணம், சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி என்று மூன்று புறநகர் ரயில் வழிகள் உள்ளன. கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில் தனி. மாதப் பாஸ் எடுத்தால் இவற்றைவிட மலிவான பயணம் வேறில்லை. 2015-ல் தொடங்கிய மெட்ரோ ரயில் இப்போது விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரையும், சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரையும் ஓடுகிறது. இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீட்டருக்குப் பணி நடப்பதால், அந்த வழிகளில் போக்குவரத்து மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்க ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் அறிமுகமானது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. தென் மாவட்டங்களுக்கான பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது எந்த நிலையம் என்று டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள்.

கடல்: அழகு உண்டு, ஆபத்தும் உண்டு

மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று மாலையில் காற்று வாங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும் நாளில் வெயில் சட்டென்று தணிவதை நீங்களே உணர்வீர்கள். அது தாமதமானால் அன்று புழுக்கம்தான். வெயில் அளவு ஒன்றாக இருந்தாலும் ஈரப்பதத்தால் இங்கே வியர்வை காயாது. அதனால் உடம்பு சீக்கிரம் சோர்ந்துவிடும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

உள்மாவட்டங்களிலிருந்து வருபவர்கள், முக்கியமாக மாணவர்கள், ஒன்றை மறக்கவே கூடாது. ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய நீச்சல் இந்தக் கடலுக்குப் போதாது. கரையில் உடைந்த அலைகளின் தண்ணீர் ஒரு குறுகிய பாதையில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். பார்க்க அமைதியாக இருக்கும் அந்த இடம்தான் ஆளை இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காவல் துறையின் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம். நண்பர் இழுக்கப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். சத்தம் போட்டு மீனவர்களையும் உயிர்காப்பாளர்களையும் கூப்பிடுங்கள், 112-க்கு அழையுங்கள்.

மீன் பிரியர்களுக்கு ஒரு தகவல்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் வரத்து குறையும், விலை ஏறும்.

செப்டம்பர் மாத வேலைகள்

பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே இவற்றை முடித்துவிடுங்கள்.

• அசல் ஆவணங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். நகல்களை டிஜிலாக்கரில் ஏற்றுங்கள்.

• தரைத்தளத்தில் இருந்தால், ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் எங்கே தூக்கி வைப்பது என்று இப்போதே யோசியுங்கள். வண்டி நிறுத்த உயரமான இடம் பாருங்கள்.

• மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

• ‘டிஎன் அலர்ட்’ செயலியைப் போனில் ஏற்றுங்கள். வானிலை எச்சரிக்கை தமிழிலேயே வரும்.

வண்ண எச்சரிக்கைகளைப் புரிந்துகொள்வதும் அவசியம். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் சுமார் 6.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘கனமழை’, சுமார் 11.5-ஐத் தாண்டினால் ‘மிக கனமழை’, சுமார் 20.5-க்கு மேல் ‘அதி கனமழை’. அதி கனமழை என்று அறிவிப்பு வந்தால் “போன வாரமும் இப்படித்தான் சொன்னாங்க” என்று கிளம்பிவிடாதீர்கள்.

தண்ணீர் வீட்டுக்குள் வர ஆரம்பித்தால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. கை ஈரமாக இருந்தாலோ சுவிட்ச் பக்கம் தண்ணீர் நின்றாலோ தொடாதீர்கள், மின்னகத்துக்குச் சொல்லுங்கள். வெள்ளத்தின்போது மின்சாரத்தை நிறுத்துவது உயிர் காக்கத்தான், கோபப்பட வேண்டாம். தேங்கிய தண்ணீரில் திறந்த மேன்ஹோலும் அறுந்த வயரும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேடிக்கை பார்க்க இறங்காதீர்கள். சம்ப்பில் மழைநீர் கலந்திருந்தால் கழுவிக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மழை விட்டதும் மொட்டைமாடி டப்பா, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு கொசு வளர்வது அந்தச் சுத்தமான தண்ணீரில்தான். காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

“ஏரி உடைஞ்சிடுச்சு” என்ற வாட்ஸ்அப் ஆடியோவும் மழையோடு சேர்ந்தே வரும். உபரி நீர் திறப்பதை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் பார்க்காமல் எதையும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

போனில் இப்போதே சேமிக்க வேண்டிய எண்கள்

• பெருநகர சென்னை மாநகராட்சி (குப்பை, தெருவிளக்கு, மழைநீர் தேக்கம்): 1913
• மெட்ரோ வாட்டர் (குடிநீர், கழிவுநீர்): 1916 அல்லது 044-4567 4567
• மின்னகம் (மின்தடை, அறுந்த வயர்): 94987 94987
• மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070, மாவட்டம்: 1077
• ஆம்புலன்ஸ்: 108, மருத்துவ ஆலோசனை: 104
• எல்லா அவசரத்துக்கும்: 112
• பெண்கள் உதவி: 181, குழந்தைகள் உதவி: 1098
• சைபர் மோசடி: 1930

புகார் சொன்னதும் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் என்ன ஆனது என்று பின்னால் கேட்க முடியும். ‘நம்ம சென்னை’ செயலியில் புகைப்படத்தோடு பதிந்தால் இடம் தேடி அலையும் வேலை ஊழியர்களுக்கு மிச்சம்.

ஒரு வேலை உங்கள் பக்கமும் உண்டு. வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள். தெரு வடிகாலில் விழும் பிளாஸ்டிக் கவர் நவம்பரில் உங்கள் வாசலிலேயே தண்ணீரை நிறுத்தும்.

குடி வந்த நாளிலிருந்தே நீங்களும் இந்த ஊர்க்காரர்தான். அடுத்த மே மாதம் புதிதாக ஒருவர் உங்கள் தெருவுக்கு வீடு பார்க்க வந்து, “இங்க தண்ணி எப்படிங்க? மழைக்கு நிக்குமா?” என்று கேட்டால், இரண்டு நிமிஷம் நின்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.